வைக்கோலா, மரத்தூளா, பஞ்சுக் கழிவா? சத்துள்ள காளானுக்கு எந்தப் படுக்கை?

சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கி இரண்டு மூன்று அறுவடை பார்த்துவிட்டவர்களுக்கு அடுத்து வருகிற சந்தேகம் இது. வைக்கோலில் விளைந்த காளானுக்கும் மரத்தூளில் விளைந்ததற்கும் சத்தில் வித்தியாசம் உண்டா? உண்டென்றால் எதற்கு மாறலாம்? கேட்டுப் பார்த்தால் ஒருவர் பருத்திக்கொட்டைத் தோல் என்பார், இன்னொருவர் காபிச் சக்கை என்பார், மூன்றாமவர் எதுவானாலும் தவிட்டை அள்ளிப் போடு என்பார். மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம்.

வித்தியாசம் உண்டு. சிப்பிக் காளானை வெவ்வேறு படுக்கைகளில் வளர்த்து உலர் எடையில் புரதத்தை அளந்தால் 15 சதவீதமும் வரும், 30 சதவீதமும் வரும். அதற்காக 30 சதவீதம் தருகிற படுக்கைக்கு உடனே மாறிவிட வேண்டியதில்லை. அந்த எண் எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்த்துவிட்டு மாறலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் தண்ணீர். புதுக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். புரதம் இத்தனை சதவீதம் என்று சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் காய்ந்த காளானின் கணக்கு. இரண்டு காளான்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தண்ணீர் 92 சதவீதம், உலர் எடையில் புரதம் 25 சதவீதம். மற்றதில் தண்ணீர் 88 சதவீதம், புரதம் 20 சதவீதம். தாளில் முதலாவதுதான் ஜெயிக்கும். ஆனால் தட்டில் வைக்கும் 100 கிராமில் முதலாவது தருவது 2 கிராம் புரதம், இரண்டாவது தருவது 2.4 கிராம். அறுவடைக்கு முந்தின நாள் படுக்கை மேல் கொட்டிய தண்ணீர், படுக்கைப் பொருளால் வந்த லாபத்தை அப்படியே விழுங்கிவிடும்.

அடுத்தது புரதத்தை அளக்கும் முறை. ஆய்வகத்தில் நேரடியாக அளப்பது நைட்ரஜனை. அதை 6.25 ஆல் பெருக்கி புரதம் என்று எழுதுவது வழக்கம். காளானுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் செல் சுவரில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. மொட்டுக் காளானில் (பட்டன் காளான்) யூரியாவே சேர்ந்திருக்கும். இவை எதுவும் நமக்குப் புரதமாகப் பயன்படாது. மொத்த நைட்ரஜனில் சுமார் 70 சதவீதம்தான் செரிக்கும் புரதம் என்று வைத்து, காளானுக்கு 4.38 ஆல் பெருக்குவார்கள். உலர் எடையில் 4 சதவீதம் நைட்ரஜன் உள்ள காளான் பழைய கணக்கில் 25 சதவீதப் புரதம் காட்டும், இந்தக் கணக்கில் 17.5 தான். யாராவது 35 சதவீதம் என்று மார்தட்டினால், எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, படுக்கையிலிருந்து காளானுக்கு ஏறக்கூடாதது எதுவும் ஏறுகிறதா என்பது. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் வைப்பேன். படுக்கைக்குள் வெள்ளை நூல்போலப் பரவும் காளான் இழை நல்லது கெட்டது பார்க்காது. செலினியம், துத்தநாகம், தாமிரம் போலவே காட்மியத்தையும் பாதரசத்தையும் உறிஞ்சிச் சேர்க்கும்.

நான்காவது உழைப்பு: வெந்நீர் போதுமா, அழுத்தக் கொதிகலன் வேண்டுமா, எத்தனை பைகள் கெட்டுப்போகும். சத்தைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

## ஒரு கிலோ வைக்கோலின் கணக்கு

படுக்கைகளை ஒப்பிடும் முன் ஒரே ஒரு கணக்கு. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

காய்ந்த நெல் வைக்கோலில் நைட்ரஜன் தோராயமாக 0.6 சதவீதம். ஒரு கிலோவில் 6 கிராம். அதில் 100 கிராம் வித்து போடுகிறோம். வித்து என்பது தானியத்தில் இழை ஓடியதுதானே, அதில் பாதி ஈரம் போக மீதியில் கிட்டத்தட்ட 1 கிராம் நைட்ரஜன் இருக்கும். ஆக மொத்தம் 7 கிராம். இந்தப் படுக்கை எல்லா அறுவடையும் சேர்த்து 800 கிராம் காளான் தந்தால், அதன் உலர் எடை 80 கிராம். அதில் 4 சதவீதம் நைட்ரஜன் என்றால் 3.2 கிராம். படுக்கையில் இருந்த நைட்ரஜனில் கிட்டத்தட்டப் பாதியை அந்த இழை தேடிப் பொறுக்கிக் காளானுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

பை முழுக்கப் பரவிய இழை, மொட்டு விடும் நேரத்தில் தன் பழைய பகுதிகளையே சிதைத்து அதிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பூக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஏழைப் படுக்கையிலும் புரதமுள்ள காளான் விளைகிறது. ஆனால் இல்லாததை அதுவும் கொண்டுவர முடியாது. வெறும் மரத்தூளில் நைட்ரஜன் 0.1 சதவீதம்தான், அதாவது கிலோவுக்கு 1 கிராம். வித்தில் வருவதையும் சேர்த்தால் 2 கிராம். மேலே சொன்ன 3.2 கிராமுக்கு வழியே இல்லை. விளைச்சல் குறையும், அல்லது புரதம் குறையும், பெரும்பாலும் இரண்டுமே.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தழைச்சத்து கூடினால் அது முழுவதும் புரதமாகத் தெரியாது. ஒரு பங்கு கூடுதல் விளைச்சலாகப் போகும், ஒரு பங்கு புரதமல்லாத நைட்ரஜனாகக் காளானில் தங்கும். அப்புறம், உலர் எடை என்பது நூறு சதவீதத்துக்குள் அடங்குவது. புரதத்தின் பங்கு ஏறினால் வேறொன்றின் பங்கு இறங்கியாக வேண்டும். இறங்குவது பெரும்பாலும் மாவுச்சத்துப் பகுதி. காளானுக்கே சிறப்பான பீட்டா குளுக்கான் நார்ச்சத்தும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நார்ச்சத்துக்காகக் காளான் சாப்பிடுகிறவர் புரதப் போட்டியில் இறங்கத் தேவையில்லை.

## வைக்கோல்

நெல் வைக்கோல், கோதுமை வைக்கோல் இரண்டும் சத்தில் ஏறக்குறைய ஒன்று. நெல் வைக்கோலில் சாம்பல் அதிகம், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அது அப்படியே காளானுக்குப் போய்விடாது. படுக்கையிலிருந்து காளான் விரும்பி எடுப்பது பொட்டாசியமும் பாஸ்பரஸும். 100 கிராம் புதுச் சிப்பிக் காளானில் பொட்டாசியம் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும்.

வைக்கோலின் பெரிய வசதி, கொதிக்கக் கொதிக்க வேகவைக்க வேண்டாம் என்பது. 70, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். சத்து குறைவான பொருள் என்பதால் மற்றப் பூசணங்களும் அதில் அவ்வளவு ஆவலாக வருவதில்லை.

மறைந்திருக்கும் செலவு வயலில் இருக்கிறது. அந்தப் பயிருக்கு அடித்த மருந்தின் எச்சம் வைக்கோலில் இருக்கலாம். இது போதாதென்று, வெந்நீருக்குப் பதில் கார்பன்டாசிம், ஃபார்மலின் கலந்த தண்ணீரில் வைக்கோலை ஊறவைக்கும் பழக்கமும் பரவலாக உண்டு. சிப்பிக் காளான் இழை கார்பன்டாசிமைத் தாங்கிக்கொள்ளும், போட்டிப் பூசணங்கள் சாகும், அதனால் வேலை சுலபம். ஆனால் சத்துக்காக உண்ணும் பொருளின் படுக்கையைப் பூசணக்கொல்லியில் ஊறவைப்பது எனக்கு ஒப்பவில்லை. விறகோ எரிவாயுவோ மிச்சப்படுத்த வேண்டுமென்றால் சுண்ணாம்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிக்கும் முறை இருக்கிறது.

மண்ணைப் பொறுத்தும் வைக்கோல் மாறும். செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த கோதுமை வைக்கோலில் வளர்த்த காளானில் செலினியம் பல மடங்கு கூடியிருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். சில நூறு மைக்ரோகிராமைத் தொடர்ந்து தாண்டினால் முடி உதிர்வு, நகம் உடைதல் என்று நச்சு தெரியத் தொடங்கும். செலினியம் செறிவூட்டிய காளான் என்று விற்பதாக இருந்தால், அளந்து பார்க்காமல் இறங்கக்கூடாது.

## மரத்தூள்

ஷிடாகே போன்ற மரக் காளான்களுக்கு வேறு வழியில்லை, கடின மரத் தூள்தான். சிப்பிக் காளானுக்கு மரத்தூள் ஒரு தெரிவு மட்டுமே, அதுவும் சுமாரான தெரிவு.

வெறும் மரத்தூளின் ஏழ்மையை மேலே பார்த்தோம். அதனால் எல்லோரும் தவிடு கலக்கிறார்கள். 800 கிராம் மரத்தூளும் 200 கிராம் தவிடும் கலந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். தூளில் 0.8 கிராம், தவிட்டில் சுமார் 4.4 கிராம், மொத்தம் 5.2 கிராம் நைட்ரஜன். ஐந்தில் ஒரு பங்கு தவிடு போட்டும் வெறும் வைக்கோலின் 6 கிராமை எட்டவில்லை. இந்த அளவு தவிடு போட்ட பையை வெந்நீரில் முக்கி எடுத்தால் நிற்காது, 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் அழுத்த நீராவி வேண்டும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை, தூள் எங்கிருந்து வந்தது என்பதில். பழைய மரச்சாமான் அறுத்த தூளில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மரக்காப்பு மருந்து இருக்கலாம். ஒட்டுப்பலகைத் தூளில் பசை இருக்கும். இவற்றைத் தொடவே வேண்டாம். பைன் மாதிரிப் பிசின் மரங்களின் புதுத் தூளில் இழை ஓடத் தயங்கும்.

## பஞ்சுக் கழிவு, பருத்திக்கொட்டைத் தோல்

புரதமும் விளைச்சலும் சேர்ந்து வேண்டும் என்பவர்களின் முதல் தெரிவு. கொட்டைத் தோலில் கிலோவுக்கு 8 கிராமுக்குக் குறையாமல் நைட்ரஜன் இருக்கும். ஒட்டியிருக்கும் பஞ்சு கிட்டத்தட்ட தூய செல்லுலோஸ் என்பதால் இழைக்கு எளிதான தீனி. காய்ந்த படுக்கையின் எடைக்குச் சமமாக, சில நேரம் அதற்கு மேலும், புதுக் காளான் கிடைக்கும். வைக்கோல் காளான் என்ற வேறு இனத்துக்குப் பெயரில்தான் வைக்கோல் இருக்கிறது, விளைச்சல் கூடுவது பஞ்சுக் கழிவில்தான்.

ஆனால் பருத்தி அதிகம் மருந்தடிக்கப்படும் பயிர். கொட்டையில் கோசிபால் என்ற இயற்கை நச்சும் உண்டு. சிப்பிக் காளான் இழை கோசிபாலின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது, அதனால் எனக்கு அதில் கவலை குறைவு. பூச்சிமருந்து எச்சம்தான் கவலை. எந்த வயல், என்ன அடித்தார்கள் என்று தெரியாத கழிவு என்றால், விற்பனைக்கு முன் ஒருமுறையாவது எச்சப் பரிசோதனை செய்வது நல்லது. இன்னொரு தொல்லை ஈரம். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிழியாமல் நிரப்பினால் பையின் அடியில் காற்றில்லாமல் புளித்துவிடும்.

## பயறுச் செடிகளின் காய்ந்த தண்டும் தோலும்

அதிகம் பேசப்படாத நல்ல பொருள் இதுதான். சோயா, அவரை, துவரை, உளுந்து என்று எந்தப் பயறுச் செடியானாலும் காய் உடைத்தபின் மிஞ்சும் தண்டிலும் தோலிலும் வைக்கோலைவிட நைட்ரஜன் கூடுதல், கிலோவுக்கு 10 கிராம் பக்கம். வைக்கோலைப் போலவே வெந்நீர் போதும். தனியாகப் போட்டால் முரட்டுத் தண்டு பையைக் கிழிக்கும், இடைவெளியும் விழும். இரண்டு அங்குலமாக நறுக்கி வைக்கோலோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் தீரும். கடையில் தேடாமல் கையில் கிடைக்கிறவர் தவிடு வாங்கும் முன் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

## காபிச் சக்கை

கிலோவுக்கு 20 கிராம் நைட்ரஜன், கேட்கவே நன்றாக இருக்கும். வடித்த சூட்டில் ஓரளவு சுத்தமாகியும் இருக்கும். ஆனால் அன்றே பயன்படுத்த வேண்டும், அடுத்த நாள் பச்சை படரும். தூள் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால் காற்றும் போகாது. சமையலறையில் ஒரு வாளி வளர்க்கிறவருக்கு, வைக்கோல் முக்கால், சக்கை கால் என்று கலந்தால் நன்றாக வரும். பெரிய அளவுக்கு யோசிக்காதீர்கள்.

கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தக்கை, தென்னை நார்க்கழிவு இவையெல்லாம் தனியாகப் பார்த்தால் வைக்கோலுக்குக் கீழேதான். வைக்கோல் கிடைக்காத இடத்தில் மாற்று, அவ்வளவே. ஆகாயத்தாமரையில் வளர்த்தால் புரதம் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செடி சாக்கடை நீரிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சுவதற்குப் பேர்போனது. கழிவுநீர் சேரும் குளத்திலிருந்து எடுத்தால், அது உறிஞ்சியதைக் காளான் உறிஞ்சும், காளானை நாம் சாப்பிடுவோம். மை அச்சிட்ட காகிதக் குப்பைக்கும் இதே பதில்.

மொட்டுக் காளான் வேறு ரகம். அதற்கு மட்கவைத்த உரம் வேண்டும், வித்து போடும் நேரத்தில் உரத்தில் நைட்ரஜன் 2 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். அதன் தோலில் மிகச் சிறிதளவு பி12 இருப்பதும் அந்த உரத்துப் பாக்டீரியாக்களின் கொடை. பி12-க்காக நம்பியிருக்கும் அளவு கிடையாது.

## ஒரே பார்வையில்

| படுக்கை | நைட்ரஜன், உலர் கிலோவுக்கு | காளானின் புரதம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வைக்கோல் | 5–8 கிராம் | நடுத்தரம் | வயல் மருந்து எச்சம் | வீட்டுக்கும் புதிதாகத் தொடங்குகிறவருக்கும் |
| வெறும் மரத்தூள் | 1–2 கிராம் | குறைவு | மரக்காப்பு மருந்து, பசை | மரக் காளான் வளர்ப்போருக்கு, தவிடு கலந்து |
| பருத்திக்கொட்டைத் தோல் | 8–10 கிராம் | அதிகம் | பூச்சிமருந்து, ஈரம் தேங்குதல் | பரிசோதனை செலவு தாங்கும் விற்பனையாளருக்கு |
| பயறுத் தண்டு, தோல் | 10 கிராம் பக்கம் | அதிகம் | நறுக்கும் வேலை | பயறு விளையும் இடத்தில் இருப்பவருக்கு |
| காபிச் சக்கை | 20 கிராம் பக்கம் | கலந்தால் அதிகம் | ஒரே நாளில் கெடும் | ஒரு வாளி வளர்ப்பவருக்கு |

## தவிடு எவ்வளவு?

வைக்கோலுக்கு 5 சதவீதம் வரை போடலாம். ஒரு கிலோவில் 50 கிராம் தவிடு என்றால் 6 கிராம் நைட்ரஜன் 7 கிராமை நெருங்கும். பார்க்கச் சிறிய ஏற்றம், ஆனால் பாதுகாப்பான ஏற்றம். தொடக்கத்தில் நானும் இது போதாதென்று கையளவை மறந்து ஒரு பையில் கொட்டினேன். நான்காம் நாள் பையைத் தொட்டால் உள்ளே கதகதவென்று சூடு. எட்டாம் நாள் வாய்க்கட்டின் கீழே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் திட்டு, ட்ரைகோடெர்மா என்ற போட்டிப் பூசணம். இரண்டாம் வாரம் முடிவதற்குள் பை முழுக்கப் பச்சை. பக்கத்தில் வெறும் வைக்கோல் போட்ட பை வெள்ளை வெளேரென்று இழை ஓடி நின்றது. கெட்டுப்போன பையின் புரதம் பூஜ்யம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பிண்ணாக்கு, சோயா மாவு இவற்றில் நைட்ரஜன் தவிட்டைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

## எந்தப் படுக்கையும் மாற்றாதவை

கால்சியத்துக்காகப் படுக்கையில் ஜிப்சமும் சுண்ணாம்பும் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலத்தன்மையைச் சரிசெய்யவும் படுக்கை பிசுபிசுக்காமல் இருக்கவும் அவை உதவும், நல்லதுதான். ஆனால் 100 கிராம் சிப்பிக் காளானில் கால்சியம் 3 மில்லிகிராம் மாதிரிதான் இருக்கும். கொட்டிக் கொடுத்தாலும் காளான் அதை ஏற்பதில்லை.

நியாசின், ரைபோஃபிளேவின் போன்ற பி வைட்டமின்களைக் காளான் தானே செய்துகொள்கிறது. அதில் படுக்கையைவிடக் காளானின் இனம்தான் பெரிய வித்தியாசம் காட்டும். எர்கோதயோனின் என்ற எதிர் ஆக்ஸிகரணியும் அப்படித்தான், சிப்பிக் காளானில் மொட்டுக் காளானைவிடக் கூடுதல்.

வைட்டமின் டி-க்கும் படுக்கைக்கும் சம்பந்தமே கிடையாது, அது வெயில் விஷயம். காளானில் இருக்கும் எர்கோஸ்டிரால் புறஊதாக் கதிர் பட்டால் டி2 ஆக மாறும். பறித்த காளானை நறுக்கியோ, செவுள் மேலே பார்க்கக் கவிழ்த்தோ, நண்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி2 உருவாகும். பெரியவர்களுக்கு நாளுக்குப் பரிந்துரைக்கப்படுவதே 10 முதல் 20 மைக்ரோகிராம்தான்.

## சரி, எதை எடுப்பது?

வீட்டில் சாப்பிட என்றால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த வைக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்து, ஒரு கைப்பிடி தவிடோ பாதிக்குப் பாதி பயறுத் தண்டோ கலந்துகொள்ளுங்கள். பருத்திக்கொட்டைத் தோல் இதைவிட ஒன்றிரண்டு சதவீதம் புரதம் கூட்டித் தரலாம். நாளுக்கு 100 கிராம் காளான் சாப்பிடும் வீட்டில் அது ஆளுக்கு கால் கிராம்கூடத் தேறாது.

உலர்த்திப் பொடியாக்கி விற்கிறவருக்குக் கணக்கு வேறு. தண்ணீர் போய்விடுவதால் படுக்கையின் வித்தியாசம் பொட்டலத்தின் மேல் அச்சிடும் எண்ணில் நேராகத் தெரியும். அவருக்குப் பருத்திக்கொட்டைத் தோலும் பயறுத் தண்டும் லாபம். ஆனால் உலர்த்தினால் புரதம் செறிவதைப் போலவே காட்மியமும் மருந்து எச்சமும் பத்து மடங்கு செறியும் என்பதால், பரிசோதனைக்கான பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வைக்கோலும் கிடைக்காமல் பயறுத் தண்டும் கிடைக்காமல் மரத்தூள் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்றால், சிப்பிக் காளானை விட்டுவிட்டு ஷிடாகே பக்கம் போவது பற்றி யோசியுங்கள். அழுத்தக் கொதிகலனுக்குச் செலவழிக்கப் போவது உறுதி என்றால் அதற்கேற்ற காளானை வளர்ப்பது மேல்.